ஸஹர் பாவாவை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?



தை பிறப்பதற்குப் பத்து நாள்களுக்கு முன்னர், அஸர் தொழுகை முடிந்து நமது மத்ரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நான்கு இளைஞர்கள் ஓர் அழைப்பிதழோடு வந்தார்கள. நால்வரும் சிறு வயதில் நம்மிடம் அலிஃப், பா ஓதியவர்கள். இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களுள் மூவருக்கு நாட்டுப்புறப் பாடல்கள்மீது தீராத ஆர்வம். எந்த ஊரில் பறையாட்டம், எந்த ஊரில் வில்லுப்பாட்டு என்று விசாரித்துப் பேருந்து ஏறிச் செல்பவர்கள். நான்காமவர் மார்க்கப் பேணுதல் மிக்கவர். இசை கேட்பதையே விட்டுவிட்டவர்.

அவர்கள் கொண்டுவந்தது, மாவட்டத் தலைநகரில் பொங்கலையொட்டி மூன்று இரவுகள் நடக்கவிருந்த நாட்டுப்புறக் கலைவிழாவின் அழைப்பிதழ். முதல் இரவு பறையாட்டமும் கரகாட்டமும். இரண்டாம் இரவு வில்லுப்பாட்டும் கானாவும். மூன்றாம் இரவு ஒயிலாட்டம், அதன்பின் திரைப்படப் பாடகர் ஒருவரின் கிராமியப் பாடல்கள். அவ்விரண்டுக்கும் இடையே சிறிய எழுத்தில், "பக்கீர் பாடல், 15 நிமிடம்" என்றிருந்தது. வழக்கு அந்த ஒற்றை வரியைப் பற்றியதுதான்.

முதலாமவர் சொன்னார்: "ஹஜ்ரத், நாட்டுப்புறப் பாட்டு என்றால் யார் எழுதினார் என்றே தெரியக்கூடாது. பக்கீர்கள் பாடுவது குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள். எழுதியவர் பெயர் தெரிகிறது, அச்சிட்ட நூலும் இருக்கிறது. இது பக்தி இலக்கியம். இந்த மேடையில் இதற்கு இடமில்லை."

இரண்டாமவர் விடவில்லை. "நெல்லையிலும் குமரியிலும் வில்லுப்பாட்டு கோயில் கொடையில்தான் பாடப்படுகிறது. கரகம் மாரியம்மன் திருவிழாவில்தான் ஆடப்படுகிறது. அவையெல்லாம் நாட்டுப்புறக் கலை, நம்முடையது மட்டும் மதப் பாட்டா?" என்று கேட்டார்.

மூன்றாமவரின் மனக்குறை வேறு. பக்கீர் பாடலை அவர் ஏற்றுக்கொண்டார். கானாவையும் திரைப்படப் பாடகரையும் ஏற்கவில்லை. மின்விசைக் கருவி நுழைந்தால் நாட்டுப்புறம் வெளியேறிவிடும் என்பது அவர் கட்சி. வடசென்னையில் இறந்தவர் வீட்டில் விடியவிடியப் பாடும் மரண கானாவுக்கும் ஒப்பாரிக்கும் என்ன வேறுபாடு என்று இரண்டாமவர் கேட்டபோது, அவரிடம் உடனே மறுமொழி இல்லை.

நான்காமவர் இறுதியாகப் பேசினார். "இசைக்கருவிகள் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியிருக்க, நம் சமுதாயத்தின் பெயரால் ஒருவர் மேடையேறலாமா? ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விழாக்குழுவுக்குக் கடிதம் எழுதிப் பெயரை நீக்கச் சொல்கிறோம்."

பாடவிருப்பவர் யார் என்று கேட்டோம். நம் ஊர் ஸஹர் பாவாதான் என்றார்கள். அதன்பின் நம்மால் உடனே வாய் திறக்க இயலவில்லை. காரணத்தை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை, ரமளான் இரவுகளில் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு பாவா நமது தெருக்களில் வருவார். அவருடைய தகப்பனாரும் அப்படியே வந்தவர். அந்த ஓசை கேட்டுத்தான் நம் உம்மா அடுப்பு மூட்டுவார். பெருநாள் காலையில் பாவா வீடு வீடாக வருவார். அரிசியும் பணமும் கொடுத்தனுப்புவோம். ஆண்டில் அவருக்கு ஓரளவு கை நிறைவது அந்த ஒரு நாளில்தான்.

பின்னர் ஜமாஅத் கூட்டத்தில் சிலர் எழுந்தார்கள். கைபேசியில் அலாரம் இருக்கிறது, பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது, பாட்டு எதற்கு, குழந்தைகள் விழித்து அழுகின்றன, இது மார்க்கத்தில் இல்லாத புதுமை என்றார்கள். முத்தவல்லி நம்மைப் பார்த்து, "ஹஜ்ரத் என்ன சொல்கிறீர்கள்?" என்றார். "ஸஹருக்கு எழுப்புவது மார்க்கக் கடமையன்று, நிறுத்தினால் குற்றமில்லை" என்றோம். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு வேண்டியிருந்த பாதியை மட்டும் சொன்னோம். அது தடுக்கப்பட்டதென்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஓர் ஏழையின் பிழைப்பும் அதில் இருக்கிறது என்ற மறுபாதியை விழுங்கிவிட்டோம். கூட்டத்தின் போக்குக்கு எதிராகப் பேச நமக்குத் துணிவில்லை. அந்த ரமளானிலிருந்து பாவாவின் ஓசை நின்றது. அவர் ஒரு திருமண மண்டபத்தில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார்.

இந்த வரலாறு திண்ணையிலிருந்த இளைஞர்களுக்குத் தெரியாது. அப்போது அவர்கள் பள்ளிச் சிறுவர்கள்.

நாம் மௌனமாக இருந்ததைக் கண்ட மூன்றாமவர், தம் கட்சிக்குச் சான்றாக அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் 1959இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புற இசைவிழா நடந்து வருகிறது. 1965 ஜூலை 25 அன்று அங்கே பாப் டிலன் மின்கித்தாருடனும் குழுவினருடனும் மேடையேறினார். மரக்கித்தாருடன் மட்டும் அவரைக் கேட்டுப் பழகியிருந்த கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். மூன்று பாடல்களோடு இறங்கிய அவர், மீண்டும் மரக்கித்தாருடன் வந்து இரண்டு பாடல்களைப் பாடினார். அவ்விழாவின் மூத்தவர்களுள் ஒருவரான பீட் சீகர் கடுஞ்சினம் கொண்டார். அவர் கோடரியால் மின்கம்பியை வெட்டப் போனார் என்ற கதை இன்றும் உலவுகிறது. "பெரியவர்களே எதிர்த்திருக்கிறார்கள், பாருங்கள்" என்றார் மூன்றாமவர்.

இரண்டாமவரும் அதைப் படித்தவர். தமது சினத்துக்குக் காரணம் மின்கித்தார் அன்று, ஒலி சிதைந்து பாடலின் சொற்கள் கேட்காமல் போனதே என்று சீகர் பிற்காலத்தில் விளக்கியதை அவர் எடுத்துச் சொன்னார். கூட்டம் கூச்சலிட்டது மின்னிசைக்கா, மோசமான ஒலியமைப்புக்கா, நிகழ்ச்சி விரைவில் முடிந்ததற்கா என்று இன்றளவும் வாதிடுகிறார்களாம். அறுபது ஆண்டுகள் ஆகியும் தீராத வழக்கு. நாம் ஒன்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டோம். கருவி எது என்பதைவிடச் சொல் மக்களின் செவியை எட்டியதா என்பது சீகருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

பிறகு நான்காமவருக்கு விடை சொன்னோம். கூடுமா கூடாதா என்பது ஒரு கேள்வி. நாட்டுப்புறமா இல்லையா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் இரண்டுக்கும் நீதி கிடைக்காது. முதல் கேள்வியில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா உலூமித்தீனில் பாடல் கேட்பதைப் பற்றித் தனிப்பகுதியே எழுதி, எது பாடப்படுகிறது, அது கேட்பவர் உள்ளத்தை எங்கே இழுக்கிறது என்றெல்லாம் ஆராய்ந்திருக்கிறார். பேணுதலுக்காக முற்றிலும் விலகுவோரை நாம் மதிக்கிறோம். ஆயினும் தம் பேணுதலைக் கொண்டு அடுத்தவர் பெயரை அடிக்க முனைபவர் நிதானிக்க வேண்டும்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியையும் நினைவூட்டினோம். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரண்டு அன்சாரிச் சிறுமியர் பாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் பெருநாள் உண்டு, இது நமது பெருநாள் என்று கூறி, அச்சிறுமியரை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அச்சிறுமியர் பாடியவை புஆஸ் போர் பற்றிய பாடல்கள். அது ஹிஜ்ரத்துக்கு முன் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலங்கள் தமக்குள் செய்துகொண்ட போர். அதாவது, அந்த ஊர் மக்கள் வாய்வழியே வைத்திருந்த பாட்டு. அவர்கள் பாடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்று அன்னையவர்களே வேறுபடுத்திக் கூறுவது கவனிக்கத்தக்கது.

முதலாமவர், "ஆனால் எழுதியவர் பெயர் தெரிகிறதே, ஹஜ்ரத்?" என்று தம் வாதத்துக்கே திரும்பினார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியத்தில் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபு, பார்ஸி வழிவந்தவையும் இங்கேயே முளைத்தவையுமாகப் பல வகைகள் உள்ளன. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. புலவர் பெயரும் ஆண்டும் தெரிந்த நூல். ஆனால் நம் வாப்பிச்சா இரவுகளில் பெண்களைக் கூட்டி வைத்து ராகமிட்டுச் சொன்ன மசலாக்களில் புலவர் பெயர் வந்ததே இல்லை. ஏட்டில் இருப்பதும் அவர் சொன்னதும் ஒன்றாகவும் இல்லை. பாவாவுக்கோ தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. குணங்குடியார் பாடலைத் தகப்பனாரின் வாயிலிருந்து பெற்றார். சொற்கள் தேய்ந்தும் மாறியும் அவரிடம் வாழ்கின்றன. இசைத்தட்டில் கேட்ட நாகூர் ஹனீபாவின் பாடலையும் அவர் தாயிராவில் தட்டி நடைக்கேற்ப மாற்றிக்கொள்வார். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த ஹனீபாவை நாட்டுப்புறப் பாடகர் என்று எவரும் சொல்வதில்லை. அதே பாட்டு பாவாவின் வாயில், நள்ளிரவுத் தெருவில் வரும்போது என்னவென்று சொல்வது? முதலாமவர் சிரித்துவிட்டு, "தெரியவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

கடிதம் எழுத வேண்டாம் என்று அவர்களை அனுப்பிவிட்டு, இஷாவுக்குப் பின் அந்தத் திருமண மண்டபத்துக்குச் சென்றோம். பாவா வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கையைப் பற்றி அமரவைத்து, கூட்டத்தில் நாம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் எடுத்துச் சொல்லி, மன்னிக்குமாறு கேட்டோம்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "ஹஜ்ரத் சொன்னது எனக்கு அப்பவே தெரியும். சின்ன ஊர்தானே" என்றார். கோபம் இல்லையா என்று கேட்டோம். "இருந்துச்சு. அரிசிக்காக இல்லை. தெற்குத் தெருவில் தனியா இருந்த பெரியம்மா வீட்டில் விளக்கு எரியலைன்னா ரெண்டு தடவை தட்டுவேன். ஒரு வருஷம் அப்படித் தட்டியும் எரியலை. கதவைத் திறந்து பார்த்தா மயங்கிக் கிடந்தாங்க. எந்த வீட்டில் விளக்கு எரியலைன்னு இப்ப யார் பார்க்கிறாங்கன்னு நினைச்சுக்குவேன்."

அந்தச் சொற்களுக்கு முன்னால், திண்ணையில் நாம் பேசிய வாதங்களெல்லாம் சிறுத்துப்போயின. வில்லோ பறையோ கும்மியோ, ஊரார் ஒருவர் நிலையை ஒருவர் அறிந்திருக்கும் வாழ்க்கைக்குள்ளிருந்து பிறந்தவை. பாட்டை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று வாதிட்ட நாம், அந்தப் பாட்டு செய்துவந்த வேலையை நம் ஊரிலிருந்தே வெளியேற்றியிருந்தோம்.

மூன்றாம் இரவு விழாவுக்குப் போனோம். அழைப்பிதழில் "பக்கீர் பாடல்" என்றிருந்ததை அறிவிப்பாளர் "இஸ்லாமிய பக்திப் பாடல்" என்று அறிவித்தார். முதலாமவர் நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். பாவா தொடங்கியதும் ஒலிவாங்கி தாயிராவின் ஓசையை மட்டும் பெரிதாக்கியது. சொல் எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரம் பார்த்த பாவா, ஒலிவாங்கியை விட்டு விலகி, படியைப் பிடித்து மெல்ல இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கிடையே நடந்தபடி பாடத் தொடங்கினார். தெருவில் பாடியவருக்கு அதுதானே பழக்கம். கூட்டம் அடங்கியது. பக்கத்தில் வந்தபோது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மின்கருவிக்கு எதிரான மூன்றாமவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் வந்த திரைப்படப் பாடகருக்கும் கூட்டம் நன்றாகவே கைதட்டியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ரமளானுக்கு முந்திய ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் நாம் தந்தது பாதி விடை என்று ஒப்புக்கொண்டோம். முகம் சுளித்தவர்கள் உண்டு. நீண்ட பேச்சுக்குப் பின், விரும்பும் தெருக்களில் மட்டும் பாவா வரலாம், கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டார் வேண்டாமென்றால் அங்கே பாடக்கூடாது என்று முடிவாயிற்று. மூன்று தெருக்கள் சம்மதித்தன. பாவாவின் முழங்கால் முப்பது இரவுகளையும் தாங்கவில்லை. கடைசிப் பத்து இரவுகள் மட்டும் வந்தார்.

நான்காமவர் இன்றும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தம் வீட்டு வாசலில் பாட வேண்டாம் என்று பாவாவிடம் பணிவாகச் சொல்லிவிட்டார். பாவாவும் அந்த வாசலை ஓசையின்றிக் கடந்து செல்வார். ஆனால் தெருநாய்கள் மிகுதி என்பதால், அந்தப் பத்து இரவுகளிலும் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாவாவோடு நடந்தவர் அவர்தான். விளக்கு எரியாத வீடுகளை எண்ணி வந்து காலையில் நம்மிடம் சொன்னவரும் அவரே.

தெரிந்ததை முழுமையாகச் சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்கும் உங்களுக்கும் தருவானாக. நமது சொல்லால் எவருடைய அடுப்பும் அணையாமல் காப்பானாக. ஆமீன்.