ஊர்ப்பெயரில் ஒரு தும்பிக்கை

எங்கள் ஊர்ப்பெயருக்குள் ஒரு காலத்தில் யானை இருந்தது. 'வாளையார்' என்பதில் வரும் 'ளை'க்கு அப்போது சங்கிலிக் கொம்பு கிடையாது. ளகரத்தின் முன்னால் ஒரு கோடு தும்பிக்கை போலச் சுருண்டு, எழுத்தோடு ஒட்டி நிற்கும். சுற்றிலும் காடு. ரயில் தடத்தில் யானை அடிபட்ட சேதி வந்துகொண்டே இருக்கும். ஊரைச் சுற்றி யானை இருக்கும்போது ஊர்ப்பெயரிலும் இருப்பதுதானே முறை என்று சிறுவயதில் நினைத்துக்கொள்வேன். அப்பாவின் டீக்கடைப் பலகையில் அந்தத் தும்பிக்கையைச் சிவப்பு எனாமலில் இழுத்தவர், பலகை எழுதும் மாஸ்டர். நான் ஓவியன் ஆனது அந்தச் சுழியைப் பார்த்துத்தான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கேரள எல்லை ஊரான வாளையார் என்றாலே சோதனைச் சாவடி, சாவடி என்றாலே லாரி வரிசை. பாலக்காட்டுக்குப் போகவேண்டிய சரக்கு லாரிகள் கோயம்புத்தூர்ப் பக்கமாக நீளத்துக்கு நிற்கும். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள், துண்டை விரித்துத் தூங்குவார்கள். அந்தக் காத்திருப்புதான் மாஸ்டருக்குப் பிழைப்பு. சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டி, ஹேண்டில்பாரில் பெயிண்ட் டப்பாக்கள். அழிந்துபோன வண்டி எண், உரிந்துபோன முருகன் பெயர், பின்பக்கத்து 'ஒலி எழுப்பவும்' எல்லாவற்றையும் வரிசை நகர்வதற்குள் எழுதி முடித்துவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் டீ கிளாஸ் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் பின்னால் ஓடிவிடுவேன்.

முதலில் நூல் அடிப்பார். நூலில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் பிடித்து நடுவில் சுண்டுவார். தகரத்தில் முடிபோல ஒரு வெள்ளைக் கோடு விழும். அப்புறம் நுனியில் துணிப்பந்து கட்டிய குச்சியைச் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்துக்கொள்வார். எழுத்தைத் தொடங்கியபின் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. ஆடி மாதம்தான் அவருக்கு எதிரி. மலைக் கணவாயில் புகுந்து வரும் காற்று, ஈரம் காயாத எனாமலில் மண்ணை வாரி ஒட்டிவிடும். நகத்தால் எடுக்கப் போன என் கையைத் தட்டிவிடுவார். "விட்டுரு கண்ணு. எடுத்தாத் தழும்பாயிரும்."

மாஸ்டருக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதுவார். ஓட்டுநர் பீடிக்கட்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்ததை நேராகப் பார்ப்பார், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார், பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைசியில் எழுதி முடித்தால் மலையாளிகளே நின்று ரசிப்பார்கள். கேரளப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நான் எழுதினால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும். "உனக்குப் படிக்கத் தெரியும், அதான் இடைஞ்சல்" என்றார் ஒருநாள். "படிச்சாக் கண்ணு ஓடீரும். பாத்தா நிக்கும்." பின்னாளில் ஓவியக் கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் படித்தேன். அந்த இரண்டு வாக்கியத்தைத் தாண்டி எனக்கு வேறு பாடம் தேவைப்பட்டதாக நினைவில்லை.

எழுத்து என்பது எப்போதும் அப்படியே இருப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். எல்லையில் எழுதிப் பிழைத்தவருக்கு அந்த நிம்மதியும் இல்லை. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. மெய்யோடு பின்னிக்கிடந்த உகரக் குறிகளைத் தனியே பிரித்து வைத்தார்கள், கூட்டெழுத்துகள் பலவும் உடைந்தன. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது சுலபம். மாஸ்டருக்கோ பழகிய வளைவுகள் கையைவிட்டுப் போயின. ஏழு ஆண்டு கழித்துத் தமிழுக்கும் வந்தது. 1935 முதல் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்தை, 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாகவே போட்டது. மாறியவை 13 எழுத்துகள். ளை அவற்றில் ஒன்று.

டீக்கடைப் பலகையைப் புது எழுத்தில் மாற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாஸ்டர் உப்புத்தாளை என்னிடம் கொடுத்துத் தும்பிக்கையைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். சிவப்புத்தூள் விரலிடுக்கில் அப்பியது. அந்த இடத்தில் அவர் சங்கிலிக் கொம்பை இழுத்தார். அழகாகத்தான் இருந்தது. புது எழுத்து படிக்கிற பிள்ளைக்கு நல்லது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு அன்று வேறு வேலை எதுவும் செய்யாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வயதில் அப்பா என்னை மலம்புழை அணைக்குக் கூட்டிப்போனார். அங்கே கானாயி குஞ்ஞிராமனின் யட்சியைப் பார்த்தேன். 1969இல் கான்கிரீட்டில் எழுந்தவள், 30 அடி உயரம். கைகளைக் கூந்தலுக்குள் கோத்து, முகத்தை வானத்துக்கு நிமிர்த்தி, ஆடையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். நான் நகரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மலைக்கோடும் அவள் தோள்கோடும் ஒரே வளைவாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கானாயி சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர் என்று யாரோ சொன்னார்கள். அன்றே மனசு சென்னைக்குப் போய்விட்டது.

எண்பதுகளில் உடம்பும் போனது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் பள்ளியாகத் தொடங்கிய அந்த ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஈஞ்சம்பாக்கத்துக்கு பஸ் ஏறினோம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் கடலோரம் நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டிக்கொண்டு படம் போட்டவர்கள். பணிக்கர் 1977இலேயே காலமாகியிருந்தார். அவர் 1911இல் பிறந்தது கோயம்புத்தூரில் என்று அறிந்தபோது, எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

அங்கே அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. ஜாதகக் கட்டம்போலக் கோடுகள். கணக்கு நோட்டுப்போல எண்கள். படம் நெடுக மலையாள எழுத்துச் சாயலில் நெருக்கமான வரிகள். வழக்கம்போல் படிக்கப் பார்த்தேன். ஒரு சொல்லும் சேரவில்லை. அவை படிப்பதற்கான எழுத்துகளே இல்லை, வெறும் வடிவங்கள். பீடிக்கட்டுக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த மாஸ்டரின் முகம் அப்போது எதிரில் வந்தது. நாடறிந்த ஓவியர் 1963 முதல் எந்த வழியில் நடந்தாரோ, அதே வழியில் என் மாஸ்டர் லாரித் தகரத்தின்மேல், பெயர் தெரியாமல், கூலிக்கு நடந்துகொண்டிருந்தார். அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோயம்புத்தூரில் என் முதல் கண்காட்சி. இருபத்துநாலு படங்கள், எல்லாமே எழுத்தும் சாலையும் யானையும். மாஸ்டர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது.

"ஏனுங்க மாஸ்டர், எப்படியிருக்குதுங்க?"

"படமெல்லாம் நிதானமாப் போட்டிருக்கற." ஒரு படத்தின் கீழ்மூலையில் என் கையெழுத்தின்மேல் விரல் படாமல் காட்டினார். "பேரு மட்டும் பஸ்ஸுக்கு நேரமானவனாட்ட எழுதியிருக்கற."

பத்திரிகையில் வந்த விமர்சனங்களை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இது மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு என் பெயரை நான் நூல் அடிக்காமல் எழுதியதில்லை.

மாஸ்டர் இப்போது இல்லை. அவருக்கு முன்பே அவருடைய தொழில் போய்விட்டது. கணினியும் ஃபிளெக்ஸும் வந்தபின் ஒரு பலகைக்கு ஒரு நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சாவடியில் வணிகவரிக்காக வண்டிகளை நிறுத்தும் காலமும் முடிந்தது. ஓட்டுநர்கள் பட்ட பாட்டை அறிந்தவன் நான், அந்த வரிசை திரும்ப வேண்டும் என்று விரும்பமாட்டேன். ஆனாலும் நாலுவழிச் சாலையில் ஊரைக் கடக்கும்போது, லாரிகள் நிற்காமல் போவதைப் பார்த்தால், கையில் நூல்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனைத் தேடுகிறேன்.

அப்பாவின் கடையும் இல்லை. பலகை என்னிடம் இருக்கிறது. நான் தேய்த்த இடத்தில் மேல்பூச்சு உரிந்து, சங்கிலிக் கொம்புக்கு அடியில் தும்பிக்கை மெல்லத் தெரிகிறது. சரியாகத் தேய்க்கவில்லை போலிருக்கிறது. அதன் சுழியில் விரலை வைத்தால் ஒரு மணல் தட்டுப்படும். ஏதோவொரு ஆடிக்காற்றில் ஒட்டியது. எடுக்காமல் விட்டிருக்கிறேன்.