ஏலத்துக்கு வரும் அம்மா வீட்டு மேசை... 'வேண்டாம்' என்கிற பிள்ளைகள்!

அம்மா இறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டை விற்றாக வேண்டும். மகனும் மகளும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகக் காலி செய்கிறார்கள். துணிமணிகளைக் கொடுத்தாகிவிட்டது. போட்டோ ஆல்பங்களைப் பிரித்துக்கொண்டாகிவிட்டது. கடைசியில் மிச்சமிருப்பது, சாப்பாட்டு அறையின் நடுவில் நிற்கும் அந்தப் பெரிய மேசை.

கருஞ்சிவப்பு நிறம். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. நடுவில் கூடுதல் பலகையைச் செருகினால் பத்துப் பேர் உட்காரலாம். கிறிஸ்துமஸ் விருந்து எல்லாம் இதில்தான். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதியதும் இதில்தான். 'நல்ல மகோகனி... பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் உங்களுக்கு உதவும்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகளின் பிளாட் கதவுக்குள் அது நுழையாது. மகன் வீட்டில் இடம் இருக்கிறது. ஆனால், மனைவிக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர்கள் இதை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது?

இது யாரோ ஒரு குடும்பத்தின் கதை இல்லை. பெயரை மட்டும் மாற்றினால், இங்கிலாந்தில் பல வீடுகளில் நடப்பதுதான். முடிவும் பெரும்பாலும் ஒன்றே. ஊரிலிருக்கும் ஏலக்கூடத்துக்கு ஒரு போன்!

ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் விஷயம்

ஏலக்கூடத்திலிருந்து ஆள் வந்து பார்க்கிறார். மேசைக்கு அடியில் குனிந்து டார்ச் அடிக்கிறார். 'அருமையான மேசை' என்கிறார். அடுத்த வாக்கியம் எப்போதும் 'ஆனால்' என்றுதான் தொடங்கும். "ஆனால், இப்போதெல்லாம் இதற்கு விலை இல்லை. நூறு, நூற்றைம்பது பவுண்டு எதிர்பார்க்கலாம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பவுண்டு என்பது நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் அதிகம். அங்கே அந்தத் தொகையில் ஒரு புதிய பிளைவுட் மேசைதான் வாங்கலாம்.

ஏலம் நடக்கும் விதம் எளிமையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லாட் எண். எவ்வளவுக்குப் போகும் என்று ஒரு மதிப்பீட்டை அச்சிடுவார்கள். இதற்குக் கீழே போனால் விற்க வேண்டாம் என்று உரிமையாளர் ஓர் அடிமட்ட விலையும் வைக்கலாம். முதல் நாளே யார் வேண்டுமானாலும் வந்து இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். ஏலத்தன்று கூடத்திலிருந்தும் கேட்கலாம். வீட்டிலிருந்தபடி மொபைலிலும் கேட்கலாம். பொருள் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சுத்தியல் தட்டினால் முடிந்தது.

வாங்குகிறவர் சுத்தியல் விலையை மட்டும் கொடுத்தால் போதாது. அதற்கு மேல் 20 முதல் 30 சதவிகிதம் வரை ஏலக்கூடத்தின் கட்டணம் சேரும். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். லாரி வாடகையும் போக, அம்மாவின் மேசைக்காகப் பிள்ளைகளின் கைக்கு வருவது, ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிட்டு எழுந்தால் தீர்ந்துவிடும் தொகை.

கப்பலேறி வந்த மரம்

இத்தனைக்கும் மகோகனி இங்கிலாந்தின் மரமே இல்லை. ஜமைக்கா, கியூபா, ஹோண்டுராஸ் பக்கத்துக் காடுகளில் வளர்ந்தது. 1721-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் கண்டத்தில் இருந்த தன் காலனிகளிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதி வரி கிடையாது என்றது. கடற்படையின் தேவைகளை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது. லாபம் அடைந்தவர்களோ லண்டன் தச்சர்கள்!

அதுவரை அவர்கள் வால்நட் மரத்தில் வேலை செய்தார்கள். மகோகனி வந்ததும் அசந்துபோனார்கள். ஒரே பலகையில் மேசையின் மேல்பகுதியை முடித்துவிடும் அளவுக்கு அகலம். பூச்சி எளிதில் அரிக்காது. நுணுக்கமாகச் செதுக்கினாலும் உடையாது. மெருகேற்றினால் உள்ளே நெருப்பு எரிவதுபோல ஒரு நிறம்.

அந்த மரத்தை வெட்டியவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். இன்று பெலீஸ் என்று அழைக்கப்படும் நாட்டில், மரம் தேடுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். உயரமான மரத்தில் ஏறி, காட்டுக்கு மேலே பார்வையை ஓட்டி, இலையின் நிறத்தை வைத்தே மகோகனி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். வெட்டிய மரத்தை மாடுகள் பூட்டி இழுப்பது இரவில். பகல் வெயிலை மாடுகள் தாங்காது என்பதால் பந்த வெளிச்சத்தில் வேலை. மழை வந்து ஆறு பெருகியதும் மரங்களை மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோவார்கள்.

பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் இயற்றியபோது, 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது. அது போய்ச் சேர்ந்தது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இன்றும் பெலீஸ் தேசியக் கொடியில் ஒரு மகோகனி மரமும், கருவிகளோடு நிற்கும் இரண்டு தொழிலாளர்களும் இருக்கிறார்கள்.

ஏலப் பட்டியலில் இதெல்லாம் இருக்காது. 'மகோகனி உணவு மேசை, மூன்றாம் ஜார்ஜ் காலம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

சிப்பண்டேல் என்ற தச்சர்

இந்த மரத்தால் பேர் வாங்கியவர் தாமஸ் சிப்பண்டேல். யார்க்‌ஷயரின் ஓட்லி என்ற சிற்றூரில் 1718-ல் பிறந்தவர். லண்டன் வந்து கடை போட்டு, 1754-ல் தன் மேசை, நாற்காலி, அலமாரி வடிவங்களைப் படங்களாக வரைந்து ஒரு புத்தகமே வெளியிட்டார். மறு ஆண்டே பட்டறையில் தீ விபத்து. அதிலிருந்தும் மீண்டார்.

பெரிய மாளிகைகள் எல்லாம் அவரிடம் சாமான் வாங்கின. ஆனால், பிரபுக்கள் பணம் தர மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பாக்கியைக் கேட்டு அவர் கெஞ்சி எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கடன் நெருக்கடியோடுதான் அவர் வாழ்க்கை ஓடியது.

புத்தகம் போட்டதில் இன்னொரு விளைவு. அந்தப் படங்களைப் பார்த்து யார் வேண்டுமானாலும் அதே மாதிரி செய்தார்கள். சிப்பண்டேல் தன் பொருள்களில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. அதனால் அசல் எது என்று சொல்ல, பழைய ரசீதையும் வேலைப்பாட்டையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏலப் பட்டியலில் 'மூன்றாம் ஜார்ஜ்' என்று இருந்தால் அந்தக் காலத்துப் பொருள். 'மூன்றாம் ஜார்ஜ் பாணி' என்று இருந்தால் பிறகு வந்த நகல். ஒரு சொல்லில் விலையே மாறிவிடும்!

அனுபவசாலிகள் பட்டியலை மட்டும் நம்ப மாட்டார்கள். வட்ட மேசையைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளப்பார்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் சந்தேகம். காரணம், மரம் காலப்போக்கில் ஒரு பக்கமாகத்தான் சுருங்கும். இருநூறு வயது வட்டம் சரியான வட்டமாக இருக்காது. பலகையின் அடியில் வளைவான ரம்பக் கோடுகள் தெரிந்தால், அது இயந்திர ரம்பம் வந்த பிறகு அறுத்த பலகை.

ஒன்றின் மேல்பாதியையும் வேறொன்றின் கீழ்பாதியையும் சேர்த்து ஒரே அலமாரியாக விற்பதும் உண்டு. இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் 'கல்யாணம்'. முன்பக்கம் ஜோடிப் பொருத்தம் கச்சிதமாக இருக்கும். பின்பக்கப் பலகையைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்!

பாதி வழியில் திரும்பிய லாரிகள்

எல்லா மகோகனியும் மலிவாகப் போய்விடவில்லை. ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் ஹவுஸ் என்றொரு மாளிகை. அதைக் கட்டிய பிரபு 1759-ல் சிப்பண்டேலிடம் சாமான்கள் வாங்கினார். மகோகனியில் செதுக்கிய ஒரு பெரிய கட்டிலும் அவற்றில் உண்டு. வாங்கிய பொருள்கள் வாங்கிய வீட்டிலேயே சுமார் 250 ஆண்டுகள் இருந்தன.

2007-ல் உரிமையாளர் மாளிகையையும் சாமான்களையும் விற்க முடிவு செய்தார். ஜூலையில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலம். பட்டியல் தயார். பொருள்களை ஏற்றிய லாரிகளும் புறப்பட்டுவிட்டன. அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் தலையிட்டார். தன் அறக்கட்டளை மூலம் 2 கோடி பவுண்டு கடனுக்கு ஏற்பாடு செய்து, பலரையும் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 4.5 கோடி பவுண்டுக்கு எல்லாவற்றையும் வாங்கினார். லாரிகள் பாதி வழியில் திரும்பின. அடுத்த ஆண்டே மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே மேசைக்கு விலை கொடுத்தது அதன் கதை. யார் செய்தது, யார் வாங்கியது, எந்த அறையில் இருந்தது என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் சாட்சி இருந்தது. நம் அம்மா வீட்டு மேசைக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் கதை அம்மாவோடு போய்விட்டது.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

2000-ம் ஆண்டுவாக்கில் உச்சத்தில் இருந்த சாதாரண மகோகனி சாமான்களின் விலை, பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. 'பழுப்புச் சாமான்' என்று வியாபாரிகளே அலுப்போடு பெயர் வைத்துவிட்டார்கள். வீடுகள் சுருங்கின. சாப்பிடுவதற்கென்று தனி அறை இல்லாமல் போனது. 1987-ல் ஐகியா தன் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தது. வெளிர் நிறமும் இலகுவான சாமான்களும் பிடித்துப்போயின. பிள்ளைகள் வேலைக்காக ஊர் ஊராக மாறுகிறார்கள். மேசை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த வாழ்க்கைதான் மாறிவிட்டது.

இன்னொரு பக்கம், காட்டு மகோகனி அருகிவிட்டது. ஹோண்டுராஸ் மகோகனியின் சர்வதேச வியாபாரத்துக்கு 2003 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த மரத்தை, இன்று நம்மூர் விவசாயிகளும் கன்று வாங்கி நடுகிறார்கள். அது வெட்டும் பருவத்துக்கு வரப் பல வருடங்கள் ஆகும். ஏற்கெனவே வெட்டி, இழைத்து, இருநூறு ஆண்டு நின்ற மரமோ ஏலக்கூடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. புதிதாக ஒரு மரத்தை வெட்டாமல் வீட்டை நிரப்ப நினைக்கிற இளம் தம்பதிகள் சிலர் இதைப் புரிந்துகொண்டு மெள்ள வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

அம்மா வீட்டு மேசையையும் அப்படி ஒரு ஜோடி 140 பவுண்டுக்கு எடுத்துச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குக் கொஞ்சம் ஆறுதல். அதில் மறுபடி யாரோ சாப்பிடப் போகிறார்கள்.

ஆனால், அவர் மனதில் நிற்கும் வருத்தம் 140 பவுண்டு பற்றியது இல்லை. 'இது உனக்கு வேண்டுமா?' என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. 'இது நம் வீட்டுக்கு எப்படி வந்தது?' என்று இவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மேசையை விற்ற பிறகும் அந்தக் கதையாவது வீட்டில் மிஞ்சியிருக்கும். அதை வைக்க இடமும் தேவைப்பட்டிருக்காது.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்காகவே பத்திரப்படுத்திய ஒரு கட்டிலோ பீரோவோ இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுத்துப் பாருங்களேன்!