பாயும் சூரியனும்

சென்ற விடுமுறையிலே குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் சென்றேன். அத்தீவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் உடன் வந்தான். இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே அவன் என்னை நோக்கி, "ஐயா, பாய் கட்டிய வள்ளத்திற் சூரிய மின்தகடும் பூட்டிவிட்டால், ஒரு சொட்டு எண்ணெயும் இன்றி உலகத்தைச் சுற்றி வரலாமல்லவா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றடைந்தது. நம்மவர் அதனைச் செலுத்திச் சென்றனர். காற்றின் வல்லமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. சூரியனின் வல்லமையைக் கணக்கிட்டே அறியவேண்டும்.

200 வாற்று வலுவுள்ள மின்தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் அது ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முழு வலுவுடன் உழைத்ததற்கு ஒப்பான பயனைத் தரும். வெப்பத்தாலும் தூசியாலும் வரும் இழப்பைக் கழித்தால் 750 வாற்று மணி எஞ்சும். பத்துக் குதிரை வலுவுள்ள இயந்திரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 7,500 வாற்று வேண்டும். ஒரு பகல் முழுவதும் சேர்த்த மின்சாரத்தை அது ஆறே நிமிடத்தில் விழுங்கிவிடும்!

"அப்படியானால் கேரளத்திற் சூரியப் படகு ஓடுகிறதே?" என்றான் மாணவன். உண்மைதான். வைக்கத்தில் 2017 முதல் 'ஆதித்யா' 75 பயணிகளை ஏற்றிச் செல்கிறது. அதன் கூரை முழுவதும் மின்தகடுகள். அது ஓடுவதோ அலையற்ற காயல். சோழகக் காற்று பொங்கியெழும் நம் கடலிலே சிறிய வள்ளத்தை ஓட்டப் பாயே வேண்டும்.

"பின் தகட்டினால் என்ன பயன்?" என்றான். அப்போது என் பாட்டனாரை நினைத்தேன்.

நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது. அவரும் அவர் தம்பியும் பாய்வள்ளத்தில் இரவு திரும்பிக்கொண்டிருந்தனர். காற்றில் லாந்தர் அணைந்தது. நனைந்த தீக்குச்சி பற்றவில்லை. எதிரே வந்த இயந்திரப் படகு இருளில் அவர்களைக் காணாமல் மோதிற்று. பாட்டனார் நீந்திக் கரைசேர்ந்தார், தம்பியார் திரும்பவேயில்லை. அதன்பின் பாட்டனார் இருட்டியபின் கடலில் இறங்கியதில்லை என்பர்.

இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை. மூன்று வாற்று விளக்குகள் மூன்றும் பன்னிரண்டு மணி நேரம் எரிய 108 வாற்று மணி போதும். வழிகாட்டும் கருவிக்கும் வானொலித் தொடர்புக்கும் நாள் முழுவதும் ஏறத்தாழ 240. எல்லாம் கூட்டினாலும் ஒருநாள் வருவாயிற் பாதியளவே செலவாகும். மிகுதி பற்றரியில் நின்று, மேகம் மூடிய நாளில் உதவும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. தகட்டினுள் சிறு கலங்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன. ஒரு மூலையிற் பாயின் நிழல் விழுந்தாலும் தகடு முழுவதும் சோர்ந்துபோகும். ஆகவே அதனைப் பாயின் நிழல் படாத பின்புறத்தில் உயர்த்திப் பூட்டவேண்டும். படியும் உப்பை நன்னீராற் கழுவவேண்டும்.

நெடுந்தீவுத் துறை நெருங்கியது. "அப்பாவின் வள்ளத்தில் இரவில் விளக்கு இல்லை, ஐயா" என்று மெல்லச் சொன்னான் மாணவன்.

"உலகத்தைப் பிறகு சுற்றலாம். அதை முதலிற் செய்" என்றேன்.