மர மீனுக்கு அலங்காரம்

மரத்தை மீன்போல் சீவித் தூண்டிலில் கட்டினால், வஞ்சிரம் நிஜ மீனென்று பாய்ந்து கவ்வுமாம்! மகாபலிபுரம் கடலுக்கு மீன் பிடிக்கப் போகும் என் பிள்ளைக்கு, செங்கல்பட்டு வீட்டில் அதற்கு ஏர்பிரஷ்ஷால் பெயின்ட் பீச்சுவதுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை. வலைத்துணியைப் போர்த்திப் பீச்சினால் அச்சு அசல் செதில்! அழகுதான், யார் இல்லையென்றது?

ஆனால் அந்தப் புகை போன்ற தூறல் நேரே நெஞ்சுக்குள் போகிறதே! தின்னர் கலந்ததென்றால் தலை சுற்றும். அடுப்பு பக்கத்தில் இருந்தால் பற்றிக்கொள்ளும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் சேர்த்துத் தயாரிக்கக் கூடாதென்று 2017 நவம்பர் முதல் சட்டம். பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்குச் சட்டம் தெரியுமா? மகளின் குழந்தை தவழ்கிறது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். ஈயம் பிஞ்சு மூளையைக் கெடுக்கும்.

"மொட்டைமாடிக்குப் போடா!" என்று விரட்டிவிட்டேன். இப்போது தண்ணீர் கலக்கும் பெயின்ட்தான். அதற்கும் முகமூடி உண்டு. கொக்கி மாட்டுவது மட்டும் குழந்தை தூங்கின பிறகு.