யாரும் தொடலை

"நடுவுல யாராச்சும் கை வெச்சாங்களா சார்?" என்று பாய் கேட்டார்.

"யாரும் தொடலை" என்றேன்.

2022 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட்டில் நடந்தது இது. நான் சொன்னது பொய். தொட்டவன் நான். எங்கே தொட்டேன், எப்படிக் கெடுத்தேன் என்பதும் அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் என் குற்றத்தின் எடை உங்களுக்குப் பிடிபடாது. துவாக்குடியில் பெல்லுக்கு பாய்லர் பாகம் செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் 29 வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தேன். வெல்டிங் வேலையை கேஜ் வைத்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்புப் பெயின்டில் வட்டம் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாய்த் துண்டு கேட்டைத் தாண்டாது. "கண்ணாலே பார்த்தேன், சரியா இருந்துச்சு சார்" என்று சொல்லும் வெல்டரிடம், "அளந்தியா?" என்று மட்டும் கேட்பேன். அந்த ஒரு கேள்வியால் எத்தனையோ பேரைக் கூனிக்குறுக வைத்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். வண்டி பழைய மாருதி ஆல்ட்டோ. அந்த ஜூனில் அதன் ஆக்ஸில் பக்கத்து ஆயில் சீல் கசிந்து, பாயின் ஷெட்டில் மாற்றினார்கள். மாற்றியவன் அங்கே வேலை பார்த்த பையன். 19 வயது. லால்குடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். வேலை முடிந்ததும் பாய், "கியர் ஆயில் பழசாயிடுச்சு சார், அடுத்த வாட்டி முழுசா மாத்திடலாம்" என்றார். கூலி 400 ரூபாய் ஆகும் என்றார்.

எனக்கு 400 ரூபாய் பெரிதில்லை. இரும்பைப் பற்றி எனக்கு ஒருவன் சொல்வதா என்பதுதான் உள்ளே குடைந்தது.

ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிற்றுக்கிழமை. கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது; தெருவே வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. நான் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். நிறையப் படித்து வைத்திருந்தேன். டிரெய்ன் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அது திறக்காமல் போனால், இருந்த ஆயிலையும் இறக்கிவிட்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்கும். அதைச் செய்தேன். ஜி.எல்.-5 ஆயிலில் உள்ள கந்தக மருந்து பித்தளை சின்க்ரோனைசர் வளையங்களை அரிக்கும், அதனால் ஜி.எல்.-4 தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் பாடம் நடத்தி வாங்கி வந்திருந்தேன். 75 டபிள்யூ 90. ஒரு லிட்டர் பாட்டில் மூன்று. இதிலெல்லாம் தப்பு இல்லை. என்னைப் போன்றவர்கள் கஷ்டமான இடத்தில் தப்புச் செய்ய மாட்டோம்.

ஃபில்லர் பிளக் இறுகியிருந்தது. ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது. பிளக்கின் தலையில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. பிறகு திறந்துகொண்டது. அடியில் பிளாஸ்டிக் பேசின் வைத்து டிரெய்ன் பிளக்கைக் கழற்றினேன். கறுத்த எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது. கடைசியில் சொட்டுச் சொட்டாக நின்றது. பேசின் தளும்பியது.

இனிதான் விஷயம். இந்த வண்டியின் கியர் பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கத் தனிக் கம்பி கிடையாது. ஃபில்லர் ஓட்டைதான் அளவு. ஊற்ற ஊற்ற மட்டம் ஏறி, ஓட்டையின் உதட்டுக்கு வந்து வழிய வேண்டும். வழிந்தால் நிறைந்தது. ஆனால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்த்துப் பிடித்த செம்பு அரைச் செம்பிலேயே வழியும். குழந்தைக்கும் தெரியும்.

நான் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியிருந்தேன். போதாததற்கு எங்கள் வாசலே சாக்கடையைப் பார்த்துச் சரிந்தது. ஓட்டை இருந்த பக்கம் தாழ்ந்து கிடந்தது. ரசமட்டம் வீட்டில் இருந்தது. அலமாரியில், இரண்டாவது தட்டில். சுவரில் படம் மாட்டும்போதுகூட அதை வைத்துப் பார்க்கிறவன் நான். எழுந்து போய் எடுத்து வர இருபது அடி. எழவில்லை. முதுகு வலித்தது. வியர்த்தது. எதிர்வீட்டுக்காரர் வெள்ளம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "சார் எல்லா வேலையும் தெரிஞ்சு வெச்சிருக்கார்" என்றார். அந்தப் பேச்சு இனித்தது. சீக்கிரம் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி அவரிடம் பேச வேண்டும் என்றிருந்தது.

ஒரு பாட்டில் முழுக்கப் போனது. இரண்டாவதில் கால்வாசி போனதும் வழிந்தது. மூடினேன்.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவி. அவள் கேட்டாள்: "ஏங்க, இவ்வளவு வெளியே வந்துதே. உள்ளே கொஞ்சம்தானே போச்சு?"

நீதிபதி நீங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கையேட்டில் போட்டிருந்த அளவு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். வெளியே வந்தது கண்ணெதிரே பேசினில் தளும்பியது. உள்ளே போனது ஒன்றேகால். மிச்சம் ஒன்றேமுக்கால் லிட்டர் என் கையிலேயே இருந்தது. அவள் கேட்டது என்னுடைய பழைய கேள்விதான். அளந்தியா?

"பழசு கொஞ்சம் உள்ளேயே நிக்கும். உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேசினில் இருந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினேன். கம்பெனியில் பழைய எண்ணெய் பீப்பாய்களை அனுமதி பெற்ற ஆட்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று எத்தனை படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! 2016 விதிகளின்படி அது அபாயக் கழிவு. இரண்டு பக்கமும் ஆறு ஓடும் ஊரில், யாரும் பார்க்கவில்லை என்று கொட்டினேன். மிச்சப் பாட்டில்களைப் பரணில் ஏற்றினேன்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் காவிரிப் பாலம். ஸ்ரீரங்கத்திலிருந்து அதன் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போக மூன்றாவது கியர் போதும். நெரிசலில் நாலாவது விழுவதே அபூர்வம். ஆனால் செப்டம்பரில் அந்தப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். 1976-இல் கட்டியது, இணைப்புகளும் பேரிங்குகளும் தேய்ந்திருந்தன. 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அதுவரை காரெல்லாம் திருவானைக்கோவில், ஒய் ரோடு வழியாகச் சென்னை பைபாஸ் ஏறி, அங்குள்ள பாலத்தில் காவிரியைக் கடந்து சஞ்சீவி நகரில் இறங்க வேண்டும். பைபாஸில் ஐந்தாவது கியர் போடாமல் எவன் ஓட்டுவான்? ஐந்தாவது கியர் ஷாஃப்டின் கடைசி நுனியில், ஓரத்து மூடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

சில நாளாக ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. டயர் சத்தம் என்று சொல்லிக்கொண்டேன். அக்டோபரில் ஒரு காலை, அக்காவை மூட்டு டாக்டரிடம் அழைத்துப் போனபோது, பைபாஸ் பாலத்தின் நடுவில் ஊளை அலறலாக மாறியது. பல் உடைகிற சத்தம். கிளட்சை மிதித்து ஓரம் கட்டினேன். அக்காவுக்கு 71 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்தவள். லாரிகள் உரசிப்போகும் பாலத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றாள். "உன் மேல தப்பில்லடா, மிஷினுன்னா கெடத்தான் செய்யும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

ஷெட்டில் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்தார்கள். ஐந்தாவது கியர் நீலம் பாய்ந்திருந்தது. இருந்த கொஞ்சம் ஆயிலும் தார் மாதிரி. பாய் தலை நிமிராமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அந்தப் பதிலைச் சொன்னேன். பிறகு, யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னேன்: "கடைசியா ஜூன்ல உங்க பையன்தான் ஆக்ஸிலைக் கழட்டினான்."

முதல் பொய் பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை யோசித்துச் சொன்னேன்.

பையன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிளக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாய், நான் ஆயில் சரியா ஊத்திட்டுத்தான் மூடினேன். இந்தக் கீறல் நான் போட்டதில்லை. புதுசா இருக்கு. அப்புறமா யாரோ கழட்டியிருக்காங்க" என்றான்.

29 வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு ஆய்வு முடிவை என் கீழ் வேலை பார்த்த யாரும் சொன்னதில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துத்தான் சொன்னான். நான் குரலை உயர்த்தினேன். "அப்ப நான் பொய் சொல்றேனா? நான் இன்ஸ்பெக்டரா இருந்தவன்" என்றேன். பதவி ஓய்வு பெற்ற பிறகு அந்த வார்த்தையை நான் பயன்படுத்தியது அன்றுதான்.

பாய் அவனை அறையவில்லை. "போய் வேலையைப் பாருடா" என்றார். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய கியர் பாக்ஸ் ஒன்று வரவழைத்து மாட்டினார். ஆன செலவு 16,000 ரூபாய். பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். "எங்க பையன் செஞ்ச வேலை, நாங்கதான் சார் பொறுப்பு" என்றார். நான் வாயைத் திறக்காமல் 8,000 எண்ணிக் கொடுத்தேன். அவருடைய 8,000-இல் பாதி பையனின் வாரச் சம்பளத்திலும் தீபாவளிப் பணத்திலும் பிடிக்கப்பட்டது என்று பிற்பாடு தெரிந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். ஸ்பேனர் பிடித்த கை அது. அந்த வேலையை விட்டே போய்விட்டான்.

அதற்குப் பிறகும் அதே ஷெட்டுக்குத்தான் வண்டியை விட்டேன். வேறு இடத்துக்குப் போனால் சந்தேகம் வரும் என்ற கணக்கு.

இந்த வருஷம் போகிக்குப் பரண் ஒழித்தபோது மனைவி அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து, துடைத்து, சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. ஒன்று முக்கால் பாட்டில். மற்றதன் சீல்கூட உடைபடவில்லை.

பொங்கல் கழிந்து பாயிடம் போனேன். பாட்டில்களை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். 8,000 ரூபாயை நீட்டினேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. பணத்தை எண்ணி, 4,000-ஐ டிராயரில் போட்டார். மீதி 4,000-ஐ என் பக்கமே தள்ளினார். "இது அவனோடது. நீங்களே குடுங்க. குடுக்கும்போது எங்கிட்ட சொன்னதையெல்லாம் அவங்கிட்டயும் சொல்லுங்க" என்றார். ஒரு பில் தாளின் பின்பக்கம் அவன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

இன்றோடு நாற்பது நாள். பணமும் தாளும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. நான் இன்னும் கூப்பிடவில்லை.