கூலியும் ஜகாத்தும்



நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்னும் சொல் இன்று எங்கும் ஒலிக்கிறது. அச்சொல்லை நான் அறியுமுன்பே அதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் ஓர் ஏழைத் தொழிலாளி.

1992ஆம் ஆண்டு. பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், தோல் பதனிடும் தொழிற்சாலையில் நான் கணக்கராகப் பணியாற்றினேன். எங்கள் முதலாளி தொழுகையாளி, ஹஜ் செய்தவர், கேட்டவர்க்கு இல்லையென்னாதவர். ரமளான் பிறை 27இல் தொழிற்சாலை வாயிலில் ஜகாத் வழங்குவார். பெயர்ப் பட்டியலுடன் நான் அருகில் அமர்ந்திருப்பேன்.

அவ்வாண்டு அந்த வரிசையில், எங்கள் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த முதியவர் ஒருவரும் நின்றார். சுண்ணாம்பு அரித்து அவர் விரல்கள் வெடித்திருந்தன. கையுறை வேண்டுமென்று அவர் கேட்டு ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு மாத மிகைநேரக் கூலி அவருக்குப் பாக்கி என்பதை என் பேரேடு சொல்லும். ஐம்பது ரூபாயைப் பெற்றுக்கொண்டவர், என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்:

"கணக்கர் பாய், இது ஜகாத்தா? இல்லை, என் கூலி பாக்கியா?"

நான் தலை கவிழ்ந்தேன். முதலாளியிடம் எடுத்துரைக்க எனக்குத் துணிவில்லை. பெருநாள் கழிந்த பின்னரே பேரேட்டை அவர்முன் விரித்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை ஏன் முன்பே காட்டவில்லை?" என்றார். அவ்வாரமே எல்லோருக்கும் பாக்கி தீர்ந்தது. ஆனால் அம்முதியவர் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டார். அவர் பெயருக்கு நேரே அத்தொகை அப்படியே நின்றது.

வாசகர்களே! ஜகாத் இறைவன் விதித்த கடமை. கூலியோ உழைத்தவனின் உரிமை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய இயலாது. கூலியைத் தாமதமின்றிக் கொடுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் மேடைதோறும் கேட்கிறோம். பேரேட்டைத் திறக்கும்போது மறந்துவிடுகிறோம்.

எங்கள் தொழிலுக்கு இன்னொரு கடன்காரரும் உண்டு, அது பாலாறு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஆண்டாண்டாக ஆற்றிலும் வயலிலும் பாய்ந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதென்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே அதற்கான இழப்பை ஏற்க வேண்டும் என்றும் விதித்தது. அதன் பின்னும் துயரம் ஓயவில்லை. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறக்கத்திலிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கும் மார்க்கத்தினராகிய நமக்கும் அத்தொழிலில் பெரும்பங்கு உண்டு என்பதை எண்ணும்போது நெஞ்சம் கூசுகிறது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் தன் ஊழியர்களுக்கென்றே ஒரு நிறுவனம் செய்யும் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஏன்? அது கொடை அன்று, கடமை. வாயிலில் அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு, இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டம் தந்த விடையாகவே இதை நான் காண்கிறேன்.

ஆகவே, தொழில் நடத்தும் சகோதரர்களே! பள்ளிக்கூடம் கட்டுங்கள், மருத்துவ முகாம் நடத்துங்கள். அதற்குமுன் உங்கள் பேரேட்டைத் திறந்து பாருங்கள். கூலி தீர்ந்ததா? கையுறை தந்தாயிற்றா? கழிவு எங்கே போகிறது? இல்லத்தரசிகளும் தம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்தை எண்ணிப் பார்க்கட்டும். கணக்கெழுதும் என் போன்றோரும் உண்மையை உரிய நேரத்தில் சொல்லத் தயங்க வேண்டாம்.

அம்முதியவரின் அந்த ஒரு வரிக்கு மறுமையில் நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் உரிமையை உரிய காலத்தில் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.