ஒண்டுக் குடித்தனத்தில் ஓர் இசைப்பெட்டி

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழனுக்கு வாழையிலை கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும், காப்பிப் பொடியும் கிடைக்கும். கிடைக்காதது இடம் ஒன்றுதான். நானும் என் அறைத்தோழரும் பிடித்திருக்கும் அறை 11 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். அதற்குள் இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஓர் அடுப்பு. இவற்றோடு ஓர் இசைப்பெட்டியும் குடியேறிய வரலாற்றையே இங்கு சொல்லப் புகுந்தேன்.

"காதில் மாட்டிக்கொள்ளும் கருவி இருக்க, இதென்ன ஆடம்பரம்?" என்று அன்பர்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை மாலை நம்மவர் நாலு பேர் கூடும்போது, ஆளுக்கொரு பக்கம் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது கச்சேரியாகுமா? ஒருவர் தொடையில் தாளம் போட, இன்னொருவர் "தப்பு, தப்பு" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாமா?

சாந்தினி சௌக்கில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை 2,200 ரூபாய்க்கும், ஒரு ஜோடி சிறு ஸ்பீக்கர்களை 3,500 ரூபாய்க்கும் வாங்கினோம். பேரத்தில் கழிந்த பிற்பகலுக்குக் கணக்கில்லை. இடம் மிச்சமாகுமென்று அறைத்தோழர் இரண்டையும் தரையில் மூலைக்கொன்றாக ஒட்டி வைத்தார். எம். டி. ராமநாதன் பாடியதைப் போட்டோம். ஏற்கெனவே கிணற்றின் ஆழத்திலிருந்து வரும் குரல் அது. எங்கள் அறையில் கிணறே இடிந்து விழுந்தது போலிருந்தது. மிருதங்கமோ, மாடிப்படியில் அண்டாவை உருட்டிவிட்டது போல ஒலித்தது.

குற்றம் பெட்டியினுடையதன்று; அறையினுடையது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே உள்ள தூரத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள ஒலியலை, அங்கேயே நிலையலையாகக் குடிகொண்டுவிடும். இவ்வூர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் எங்கள் நீளத்துக்கு 52, உயரத்துக்கு 57, அகலத்துக்கு 64 என்று அதிர்வெண்கள் வருகின்றன. மூன்றும் அண்டை அயலார்! தொப்பிப் பக்கத்துக் கும்கி இந்த எல்லைக்குள் இறங்கும்போதெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து வாசிக்கிறது. தரையை ஒட்டிய மூலையிலோ மூன்று அலைகளுக்கும் அழுத்தம் உச்சம். அங்கே ஸ்பீக்கரை வைப்பது சண்டைக்காரன் கையில் தடியைக் கொடுப்பதுதான்.

இதே ஊரில்தான் சி. வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்து, சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் கட்டுரை வெளியிட்டார். நடுவிலுள்ள கறுப்புக் கரணையின் பளுவே தோலின் அதிர்வுகளைச் சுருதியோடு இசைய வைக்கிறது என்று காட்டினார். வலந்தலையை அவர் பார்த்துக்கொண்டார். தொப்பியை எங்களிடம் விட்டுவிட்டார் போலும்.

மூன்றாவது வாரம் பக்கத்துக் குடித்தனத்து அம்மையார் வந்தார். வங்காள வழக்கப்படி நாங்கள் அவரை 'மாஷிமா' என்று அழைப்போம். நம்மூர்ச் சித்தி முறை. அவர் மகனுக்கு மருத்துவமனையில் இரவு வேலை, மாலைவரை தூங்குவார். மாஷிமா சண்டைக்கு வரவில்லை. "சனிக்கிழமைதோறும் என்ன பாபா இடிக்கிறீர்கள்? மசாலாவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. சுவர் உயர்ந்த ஒலியைத் தடுக்கிற மாதிரி தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில்லை. அதிர்வெண் பாதியானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்துவிடும் என்பது பொது விதி. ஆகவே எங்கள் கச்சேரியில் பாட்டு, பிடில், தம்பூரா எல்லாம் இங்கேயே நின்றுவிட, இடி மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. உழைத்துக் களைத்தவர் தூக்கம் கெடுவது ஒருபுறம். நம் சங்கீதம் ஒரு வீட்டில் மசாலா இடிப்பு என்று பெயர் வாங்கினால் பொறுக்குமா?

ஒலியைத் தணித்தால் தீர்ந்தது என்பீர்கள். தீராது. ஒலி தணியத் தணிய நம் செவி முதலில் கைவிடுவது தாழ்ந்த சுரங்களைத்தான். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிய உண்மை இது. தணித்தபோது மிருதங்கத்துக்குப் பாதி உயிர்தான் இருந்தது. எஞ்சிய வழி, கிட்டே போவது. தூரம் பாதியானால், நேராக வந்து சேரும் ஒலி 6 டெசிபெல் கூடும்; அறையின் அதிகப்பிரசங்கமும் அந்த அளவுக்கு அடங்கும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னே இழுத்து, இரண்டு பிரம்பு மோடாக்களின்மேல் வைத்தோம். அடியில், அதிர்வு தரைக்கு இறங்காதிருக்கத் தேய்ந்த ரப்பர்ச் செருப்பை அறுத்துக் கொடுத்தோம். எதிரே மூன்றடியில் பாய். பின்சுவரில் குளிர்காலத்து ரஜாயைத் தொங்கவிட்டோம். அது மேல் ஒலியின் எதிரொலியைத்தான் உறிஞ்சும், கும்கியிடம் அதன் ஜம்பம் பலிக்காது. பஞ்சுப் பலகை விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஒலிபெருக்கியே வேண்டாமென்று நின்ற பாலக்காடு மணி ஐயர் எங்கள் அறைக்கு வந்திருந்தால் ஒருவேளை முகம் சுளித்திருக்கமாட்டார். பெட்டி இப்போது மனிதர் பேசுகிற அளவில்தான் பேசுகிறது. கேட்பவர்கள்தான் தஞ்சாவூர்க்காரர் மடியில் திருநெல்வேலிக்காரராக உட்கார வேண்டியிருக்கிறது.

மாஷிமாவையும் மகனையும் ஒரு மாலை அழைத்து, முக்கோணத்தின் முனையில் உட்கார்த்தி, அதே ராமநாதனைப் போட்டோம். மாஷிமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவர் ஏன் கொஞ்சங்கூட அவசரப்படவில்லை?" என்றார். மகனுக்கு அந்த 'இடி' எது என்று தெரிய வேண்டியிருந்தது. கும்கி வந்தபோது கைகாட்டினேன். முழங்காலில் உள்ளங்கையை அழுத்தி இழுத்துப் பார்த்தார், வரவில்லை, சிரித்தார்.

இப்போது சனிக்கிழமைக் கச்சேரி அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் தொடங்குகிறது. மாஷிமா முறுக்குச் சகிதம் வந்துவிடுகிறார். முறுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது. மூன்றடி முக்கோணத்தில் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. கட்டிலொன்றை வெளியேற்றலாமா என்று அறைத்தோழரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.